கம்பத்தில் உரசிய பந்து

சனிக்கிழமை மத்தியானம் விராபின் மைதானத்தில் எங்கள் வண்டியை எப்போதும் நாஸ்கி தம்பதியின் வண்டிக்குப் பக்கத்தில்தான் நிறுத்துவோம். ஆட்டத்தைப் பார்க்க அதைவிட நல்ல இடங்கள் உண்டு. ஆனால் க்ளெனிஸ் நாஸ்கியின் குரல் கேட்கிற இடம் அதுதான்.

"பந்து ஜாரட் கிட்ட. சாப்பாட்டு டப்பாவ பஸ்லயே விட்டுட்டுப் போவானே, அவன். இப்பவும் அதே கதைதான், பந்தை விட்டுட்டான். ஹைன் வீட்டு மூத்தவன் பொறுக்கிட்டான். ஓடறான். யார்கிட்ட குடுக்கறான் பாரு, முன் சீட்ட உதைச்சுக்கிட்டே வருவானே, அந்தக் கழுதைகிட்ட."

"பேரச் சொல்லு க்ளென்," என்பார் மெர்வின்.

"பேரு எதுக்கு? யாருன்னு தெரிஞ்சுதுல்ல?"

தெரியும். விராபின் சுற்று வட்டாரத்துப் பண்ணைப் பிள்ளைகள் அத்தனை பேரையும் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றி இறக்கியவள் க்ளெனிஸ். யார் வாந்தி எடுப்பான், யார் பரீட்சை அன்று அழுவான், யாருடைய அம்மா நைட்டியோடு வாசலுக்கு ஓடிவருவாள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அந்தப் பிள்ளைகள்தான் வளர்ந்து மைதானத்தில் ஒருவரை ஒருவர் முட்டித் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

இத்தனைக்கும் கையாலும் காலாலும் ஆடுகிற இந்த ஃபுட்டிப் பந்தாட்டம் என்றாலே அவளுக்கு ஆகாது. நாற்பது மைல் தள்ளியிருக்கும் பெல்ஸ் கிராஸிங்கில் கறிக்கடைக்காரர் மகளாகப் பிறந்தவள். அந்த வீட்டில் சாப்பாட்டு மேஜையில் ஆட்டத்தைத் தவிர வேறு பேச்சு கிடையாது. சலித்துப்போய், எங்கேயாவது போய்த் தொலைந்தால் போதும் என்றிருந்தவள், போயும் போயும் எதிரி ஊர் ஆட்டக்காரனையே கட்டிக்கொண்டாள். மெர்வின் எங்கள் அணியில் கடைசிக் கோட்டில் நின்று கோல் விழாமல் மறிப்பவர். சீசன் முடிந்தபிறகுதான் கல்யாணத் தேதியே வைத்தார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் சனிக்கிழமைதோறும் காருக்குள் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள். கோல் விழுந்து மைதானத்தைச் சுற்றி நிற்கிற வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்தால் மட்டும் தலையைத் தூக்கிப் பார்ப்பாள். கோதுமை அறுக்கிற ஊரில் மழை பெய்யுமா என்று வானத்தைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

மெர்வின் ஆடிய காலத்தில் விராபின் ஒருமுறைகூடக் கோப்பை வாங்கவில்லை. அவர் ஆட்டத்தை விட்டபிறகும் வாங்கவில்லை.

பிறகு அவருக்குக் கண்ணில் அழுத்தம் ஏறியது. மருந்து விட்டார்கள், பல்லாரட் நகரத்துக்குப் போய் அறுவை சிகிச்சை செய்தார்கள். முதலில் ஓரங்கள் போயின, அப்புறம் நடுவும் போனது. நிலத்தைத் தம்பி மகனிடம் விட்டார். அந்த வருஷம் சீசன் தொடங்கியபோது, நான் வரவில்லை என்று படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

க்ளெனிஸ் வண்டியைப் பின்வாசல் வரைக்கும் கொண்டுவந்து ஹாரனில் கையை வைத்தாள். அவர் வெளியே வரும்வரை எடுக்கவில்லை.

"என்ன வேணும் உனக்கு?"

"ஆட்டத்துக்குப் போகணும்."

"நீயா?"

"ஏறு."

எங்கள் லீக் ஆட்டத்தை எந்த ரேடியோவும் சொல்லாது. முதல் கால் மணி நேரம் வண்டிக்குள் மூச்சுச் சத்தம் தவிர ஒன்றுமில்லை. ஹாரன் அடித்தது. மெர்வின் தலையைத் திருப்பி, "யாரு?" என்று கேட்டார். க்ளெனிஸ் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தாள். "நம்ம ஆளுதான். சிவப்பு முடி. அழுமூஞ்சி." மெர்வினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது என்று பின்னாளில் என்னிடம் சொன்னாள். நான் ஊரில் பெட்ரோல் பங்க்கும் அதை ஒட்டி ஒரு காபிக் கடையும் நடத்துகிறேன். பெட்ரோல் போட வருகிறவர்கள் என்னிடம் எல்லாம் சொல்வார்கள்.

அன்றிலிருந்து அவள் பின்னல் ஊசியைத் தொடவில்லை. ஆட்டத்தைக் கற்றுக்கொண்டாள். தப்பாகச் சொன்னால் அவர் திருத்துவார், அவள் சண்டை பிடிப்பாள். வண்டியை நிறுத்தியதும் இருவரும் இடம் மாறி உட்காருவார்கள். மெர்வின் ஸ்டியரிங் பக்கம் வருவார், ஹாரன் அடிக்கிற வேலை அவருடையது. அக்கம்பக்கத்து வண்டிகளில் ஒவ்வொன்றாகக் கண்ணாடி இறங்கியது. பார்வை நன்றாக இருக்கிறவர்களும் ஆட்டத்தை அவள் வாயால் கேட்க ஆரம்பித்தோம்.

அப்படி ஆறேழு வருஷம் போனபிறகு, ஒரு செப்டம்பரில் எங்கள் பையன்கள் இறுதியாட்டத்துக்கு வந்தார்கள். எதிரே பெல்ஸ் கிராஸிங்.

இரண்டு அணிக்கும் பொதுவாக, வேறொரு ஊர் மைதானம். கோல் கம்பங்களுக்கு நேர் பின்னால் இடம் பிடிக்க நாஸ்கி வண்டி விடியும்போதே போய்விட்டது. நாங்களும் ஒட்டி நிறுத்தினோம். வழி நெடுக வயலெல்லாம் கடுகு மாதிரிப் பூக்கும் கனோலாவின் மஞ்சள். க்ளெனிஸ் ஃபிளாஸ்க்கில் தேநீரும், சூடு ஆறாமல் துண்டில் சுற்றிய, இறைச்சி அடைத்துச் சுட்ட அப்பமும் கொண்டுவந்திருந்தாள். மெர்வின் எதையும் தொடவில்லை.

"யாருக்காகச் சொல்லப் போற இன்னிக்கு? உங்கப்பன் ஊருக்கா?" என்று அவளைச் சீண்டினார்.

"உள்ளதச் சொல்றேன். உனக்குப் பிடிச்சா கேளு."

ஆட்டம் கடைசிவரை இழுபறி. ஆட்டம் முடிகிற சைரன் ஊதச் சில நொடிகள் இருக்கும்போது நாங்கள் மூன்று புள்ளி பின்தங்கியிருந்தோம். அப்போது ஜாரட் கூட்டத்துக்கு மேலே எகிறிப் பந்தைப் பிடித்தான். சைரன் ஊதியது. ஆனாலும் பிடித்தவனுக்கு ஒரு உதை உண்டு. நடுக் கம்பங்கள் இரண்டுக்கும் இடையே சுத்தமாகப் போனால் ஆறு புள்ளி, கோப்பை எங்களுக்கு. கம்பத்தில் லேசாகப் பட்டாலும் ஒரே புள்ளி, தோல்வி.

"ஜாரட் நிக்கறான். சாக்ஸ இழுத்து விடறான். மெர்வ், பந்த உருட்டி உருட்டிப் பாக்கறான். ஓடி வரான். உதைச்சுட்டான். உசரமா வருது, நம்ம பக்கம், இடது கம்பத்துக்கு..."

குரல் நின்றது.

கோட்டில் ஆட்டக்காரர்கள் குவியலாக எகிறினார்கள். கோல் நடுவர் அவர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். பின்பு இரண்டு கொடியையும் ஆட்டினார். கோல். பெல்ஸ் கிராஸிங்கின் கடைசிக் கோட்டு ஆட்டக்காரன் ஓவன் மட்டும் இடது கம்பத்தைக் கையால் அடித்துக் காட்டி நடுவரிடம் கத்திக்கொண்டிருந்தான். அவனை யார் கவனித்தார்கள்? வண்டி ஹாரன்கள் வானத்தைப் பிளந்தன.

"என்ன ஆச்சு க்ளென்?"

"கோல்," என்றாள் க்ளெனிஸ். "நட்ட நடுவுல போச்சு மெர்வ். ஜெயிச்சுட்டோம்."

மெர்வின் ஹாரன் அடிக்கவில்லை. சந்தோஷத்தில் மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

மாலை கிளப்பில் கோப்பையை அவர் கையில் கொடுத்தார்கள். அதன் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். எல்லோரும் முதுகில் தட்டினார்கள். அவரும் சிரித்தார். ஒரு பீர்கூட முடிக்காமல் வீட்டுக்குப் போகலாம் என்றார். வழியில் நடந்த பேச்சைப் பிற்பாடு க்ளெனிஸ்தான் எனக்குச் சொன்னாள்.

"கம்பத்துல பட்ட சத்தம் கேட்டுது," என்றாராம்.

அவள் வண்டியின் வேகத்தைக் குறைத்தாளாம்.

"கடைசிக் கோட்டுல அத்தனை வருஷம் நின்னவன் நான். அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? நீ பாத்தியா இல்லியா?"

"பாத்தேன். லேசா உரசிச்சு. பந்து சுத்தற விதமே மாறிடுச்சு."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்ன?"

"இவ்வளவு நாள் காத்திருந்தியேன்னுதான். ஒரு நாள் உனக்குக் கிடைக்கட்டும்னு தோணிச்சு."

மெர்வின் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். வீட்டு வாசலில் வண்டி நின்றபிறகு அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "தோத்துட்டோம்னு நீ சொன்னாலும் நான் தாங்குவேன். நீ சொல்றது நிஜமான்னு யோசிச்சுக்கிட்டு உக்கார என்னால முடியாது க்ளென். எனக்கு வேற வழி இல்ல பாரு."

அவள் அங்கேயே அழுதாளாம். அவர் கைக்குட்டையைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாராம்.

மறுநாள் ஞாயிறு. பெல்ஸ் கிராஸிங்குக்குப் போகலாம் என்று சொன்னவள் க்ளெனிஸ்தான். ஓவனின் அப்பா கீத் ட்ரெவின் அந்த அணியின் பயிற்சியாளர். ஒரு காலத்தில் மெர்வின் மறித்து மறித்து அலுத்த முன்வரிசை ஆட்டக்காரர். கதவைத் திறந்தவர் இருவரையும் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"ஜெயிச்சத இங்க வந்து கொண்டாடறீங்களாக்கும்?"

"உள்ள விடு கீத்," என்றாள் க்ளெனிஸ். உட்காராமலே சொன்னாள். "நேத்து பந்து கம்பத்துல பட்டுச்சு. நான் நேர் பின்னால இருந்தேன். பாத்தேன். இவருக்குச் சத்தமும் கேட்டுது."

கீத் நாற்காலியில் சாய்ந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. "எம் பையன் நேத்திலேர்ந்து அதையேதான் சொல்றான். ஒருத்தரும் நம்பல. தோத்தவன் சாக்கு சொல்றான்னு பசங்க கேலி பண்ணாங்க. நானும்தான்... வாய மூடுடான்னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன்." எழுந்து பின்கட்டுக்குப் போனார். "ஓவன், இங்க வா கண்ணு," என்ற குரல் கேட்டது. அப்படிக் கூப்பிட்டு எத்தனை வருஷம் ஆகியிருக்குமோ, பையன் சந்தேகத்தோடுதான் வந்தானாம்.

க்ளெனிஸ் மறுபடி ஒருமுறை சொன்னாள். ஓவன் கேட்டுக்கொண்டு நின்றான். மெர்வின் பக்கம் திரும்பி, "உங்களுக்கு நிஜமாவே கேட்டுச்சா?" என்றான்.

"டிக்குன்னு. ரொம்ப லேசா."

"ஆமா. அதேதான்," என்று தரையில் உட்கார்ந்துவிட்டான். கீத் அவன் தலையில் கைவைத்து, "தப்பு என்மேல," என்றார். பிறகு நாலு பேருக்கும் முட்டை பொரித்தார்.

நடுவர் கொடி ஆட்டினால் ஆட்டினதுதான், கோப்பை எங்கள் கிளப்பில்தான் இருக்கிறது. விஷயம் பரவியதும் எங்கள் ஊரில் சிலர் க்ளெனிஸிடம் முகம் கொடுக்கவில்லை. "பொறந்த ஊர் பாசம்" என்று என் கடையிலேயே இரண்டு பேர் பேசினார்கள். அவர்களுக்கு நான் காபி கொடுக்கவில்லை. ஜாரட் மட்டும் ஒரு ஆட்டுத் தொடையைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு நாஸ்கி வீட்டுக்குப் போனான். "நான் உதைச்சுட்டு கண்ண மூடிக்கிட்டேன். பாத்திருந்தா சொல்லியிருப்பேனான்னு தெரியல," என்றான். க்ளெனிஸ் அவனை உட்காரவைத்துச் சோறு போட்டாள்.

அடுத்த சீசனில் பெல்ஸ் கிராஸிங் எங்கள் மைதானத்துக்கு வந்தபோது கீத் ட்ரெவின், பயிற்சி வேலையை வேறொருவரிடம் விட்டிருந்ததால், நேராக நாஸ்கி வண்டியின் பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். கால் மணி நேரத்தில் வண்டிக்குள் அமளி.

"ஏ, அந்த உதை எங்க பசங்களுக்குத்தான் வரணும். சரியாச் சொல்லு."

"பின்னால உக்காந்துக்கிட்டு தொணதொணக்காத கீத். இறக்கி விட்டுருவேன்."

"மெர்வ், உன் பொண்டாட்டிய அடக்கமாட்டியா?"

"நான் எதையும் பாக்கலையே," என்றார் மெர்வின். அவர் கை ஹாரன்மேல் இருந்தது. ஓவன் பந்தோடு ஓடிவருவதாக க்ளெனிஸ் சொல்லிக்கொண்டிருந்தாள்.