காளைக்குத் தெரிந்த தாணுலிங்கம்

உங்கள் வீட்டில் அதிர்ந்து பேசாத ஒருவர் இருக்கிறாரா? இருந்தால், அவர் மனதில் குறை ஒன்றும் இல்லை என்று உங்களுக்கு யார் சொன்னது?

தோவாளைக்குத் தெற்கே வயலுக்கு நடுவில் கிடந்த ஒரு சிற்றூரில் தாணுலிங்கம் என்று ஒருவர் இருந்தார். ஊரில் அவரைத் தங்கமான மனுஷன் என்பார்கள். தங்கம் எதிர்த்துப் பேசாது, எடுத்து எங்கே வைத்தாலும் அங்கே இருக்கும். அந்த வகையில் ஊர் சொன்னது சரிதான்.

அண்ணன் ஆறுமுகப்பெருமாள் எதைச் சொன்னாலும் தாணுலிங்கத்தின் பதில் "சரி அண்ணாச்சி" என்பதுதான். அப்பா இறந்தபோது தாணுலிங்கத்துக்குப் பால்பல் விழவில்லை. அண்ணன்தான் தோளில் தூக்கி வளர்த்தார், உழவு பழக்கினார், தாணம்மாளைப் பார்த்துக் கட்டிவைத்தார். வளர்த்தவர்மீது கொண்ட பாசம் வயது ஏற ஏறப் பயமாக உறைந்துவிட்டது. அண்ணனோ அந்தப் பயத்தை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

கல்யாணமாகி வந்த புதிதில் தாணம்மாள் நொந்துபோனாள். மரத்துக்கு வாழ்க்கைப்பட்டிருந்தால் காற்றடிக்கும்போதாவது சத்தம் கேட்கும் என்று அம்மாவிடம் சொல்லி அழுதிருக்கிறாள். பிறகு ஒருநாள் வயலுக்குக் கஞ்சி கொண்டுபோனவள், வரப்புத் தென்னைக்குப் பின்னால் அப்படியே நின்றுவிட்டாள். ஏரில் பூட்டிய செவலைக் காளையிடம் அவர் பேசிக்கொண்டிருந்தார். அதுவும் என்ன பேச்சு! அறுப்புக்கு வந்த முத்துக்கனிக்கு அண்ணன் கூலி நெல் அளக்காமல் பத்தாயத்தைப் பூட்டியது நியாயமா, அவள் வீட்டு அடுப்பு எதை வைத்து எரியும் என்று காளையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார். காளை தலையை ஆட்டிக்கொண்டே நடந்தது. தாணம்மாள் கஞ்சியைக் கரையில் வைத்துவிட்டு, தான் கேட்டதைக் காட்டிக்கொள்ளாமல் திரும்பினாள்.

அந்த வைகாசியில் மாடன் கோயில் கொடைத் திருவிழா வந்தது. மாடனுக்கு ஆடுகிற உரிமை தாணுலிங்கத்தின் குடும்பத்துக்கு. உச்சிவேளையில் அவர் கச்சை கட்டி, கையில் மாடனின் ஈட்டியான வல்லயத்தைப் பிடித்து நின்றார். கொட்டுமேளம் உச்சத்துக்கு ஏறியதும் உடம்பு நடுங்கியது, கண் சிவந்தது. வல்லயத்தின் முனை நேராக அண்ணனின் நெஞ்சுக்கு முன்னால் போய் நின்றது.

"முத்துக்கனிக்குக் கூலி அளந்தியாலே?"

ஆறுமுகப்பெருமாள் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக் கைகூப்பினார். பொழுது சாய்வதற்குள் நெல் முத்துக்கனி வீட்டுக்குப் போய்விட்டது. மாடன் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று ஊர் மெய்சிலிர்த்தது. செவலையின் காதில் விழுந்ததுதான் மாடன் வாயில் வந்தது என்பது தாணம்மாளுக்கு மட்டும் தெரியும்.

அவர் வேஷம் போட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த நடுக்கம் நிஜம். என்ன சொன்னீர்கள் என்று பிறகு கேட்டால் அவருக்கே நினைவிருக்காது. ஆனால் அதில் தெய்வத்துக்கு வேலை ஒன்றும் இல்லை. வருஷம் முழுக்க விழுங்கிய கோபம் எங்கேயாவது வெளியே வந்துதான் ஆகவேண்டும். மனிதன் கேட்டால் காதில் போட்டுக்கொள்ளாத ஊர், மாடன் கேட்டால் நடுங்குகிறது. தாணுலிங்கத்தின் மனது, அவருக்கே தெரியாமல், அந்த வழியைக் கண்டுபிடித்துக்கொண்டது. கூலி கேட்ட ஒரு பெண்ணுக்கு நெல் கிடைக்கச் சாமி வந்துதான் ஆகவேண்டும் என்றால், வெட்கப்பட வேண்டியது யார்?

வருஷங்கள் போயின. மகள் அழகியநாயகி பெரியவளானதும் பெரியப்பா அவள் படிப்பை நிறுத்தினார். தாணுலிங்கம் "சரி அண்ணாச்சி" என்றார். அடுத்த கொடையில் மாடன் வந்து பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு விடச் சொன்னது. விட்டார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலில் அழகியநாயகி இறுதி வகுப்பில் தேறினாள். நாகர்கோவிலில் வாத்தியார் பயிற்சிப் பள்ளியில் இடமும் கிடைத்தது. அதே சமயத்தில் பெரியப்பா அவளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார். தன் மைத்துனன் கோலப்பன், மனைவியை இழந்தவன், குளச்சலில் கொப்பரை வியாபாரம். தாணுலிங்கம் வழக்கம்போலச் சரி என்றார். மகள் கலங்கவில்லை. கொடைக்கு மாடன் வந்து பார்த்துக்கொள்ளும் என்று அம்மாவுக்கே ஆறுதல் சொன்னாள்.

கொடைக்கு முந்தின வாரம் சுசீந்திரத்தில் ஒரு தூரத்துப் பங்காளி செத்துப்போனார். குடும்பத்துக்குச் சாவுத் தீட்டு. தீட்டுக்காரர் கச்சை கட்டக் கூடாது. வேறொருவர் ஆடினார். மாடன் அவர்மேல் இறங்கி, பந்தலுக்கு ஓலை போதாது, கொட்டுச் சத்தத்திலும் சுரத்தில்லை என்று குறைசொல்லிவிட்டு மலையேறிவிட்டது. அழகியநாயகி அடுக்களையில் குப்புறப் படுத்து அழுதாள். தீட்டுக் கழிந்த மறுவாரம் நிச்சயதாம்பூலம் வைத்திருந்தார்கள்.

கொடைக்கு மறுநாள் தாணம்மாள் கஞ்சியோடு வயலுக்குப் போனாள். இந்தத் தடவை தென்னைக்குப் பின்னால் நிற்கவில்லை. ஏருக்கு முன்னால் போய் நின்றாள்.

"நீங்க காளைகிட்டச் சொன்னதைத்தான் மாடன் எல்லா வருஷமும் சொல்லுகு. நான் நின்னு கேட்டிருக்கேன்."

தாணுலிங்கம் ஏர்மேழியை விட்டுவிட்டு, காளையின் முதுகைத் தடவினார். "நான் சொன்னா யாரு கேப்பா?" என்றார்.

"ஒருக்க சொல்லிப் பாருங்கோ. இந்தக் காளைக்குள்ள பாக்கியம் உங்க மகளுக்கு இல்லியா?"

நிச்சயத்தன்று கூடத்தில் பாய் விரித்து இரு வீட்டாரும் உட்கார்ந்தார்கள். வெற்றிலைத் தட்டை மாற்றிக்கொள்ள வேண்டிய நேரம். தட்டைக் கையில் எடுத்த தாணுலிங்கத்தின் உடம்பு நடுங்கத் தொடங்கியது. பாக்கு உருண்டு பாயில் ஓடியது. கண் சிவந்தது. கொட்டு இல்லை, கச்சை இல்லை, கொடையும் இல்லை. யாரோ திருநீற்றுக்கு ஓடினார்கள். ஆறுமுகப்பெருமாள் தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சாமி வந்தவரிடம் கேட்கும் முறைப்படி கேட்டார்.

"யாரு வந்திருக்கது?"

மாடன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கல்யாணம் நின்றுவிடும். தாணம்மாளுக்கே அந்த நேரத்தில் அவர் அப்படிச் சொல்லிவிட மாட்டாரா என்றிருந்தது.

"தாணுலிங்கம்" என்றார் அவர். "நாந்தான் அண்ணாச்சி. தாணு. எம் பிள்ளையை ரெண்டாந்தாரமாக் குடுக்க எனக்கு மனசில்ல. அவ படிக்கப் போணும்."

கூப்பிய கையை இறக்கவும் தெரியாமல் நின்றார் அண்ணன்.

"லேய், இதை முன்னமே சொன்னா என்ன?"

"உங்களைக் கண்டா பயம்."

ஆறுமுகப்பெருமாள் தளர்ந்து பாயில் உட்கார்ந்தார். "உன்னைத் தூக்கி வளத்த கையாக்கும் இது" என்றார். "என்னைக் கண்டா உனக்குப் பயமா?" அத்தனை வருஷத்தில் அவர் தம்பியிடம் ஒரு கேள்வி கேட்டது அன்றைக்குத்தான்.

மாப்பிள்ளை கோலப்பன் ஒன்றும் கெட்டவனில்லை. எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு தன் வீட்டாரைக் கூப்பிட்டான். "எந்திரிங்க, போவோம். மாடன்னா ஒரு கிடா வெட்டிச் சமாதானம் பண்ணலாம். இவருகிட்ட என்னத்த வெட்ட?"

முதலில் சிரித்தது தாணம்மாள்தான்.

அழகியநாயகி பயிற்சிக்குப் போனாள். கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த வருஷத்தில் அவள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அகரம் எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வகுப்பில் சத்தம் அதிகம் என்று தலைமையாசிரியர் குறைப்பட்டுக்கொள்வாராம்.

நிச்சயம் நின்ற மறுவருஷக் கொடையிலும் தாணுலிங்கம் கச்சை கட்டினார். கொட்டுக்காரர்களின் கை ஓய்ந்ததுதான் மிச்சம், சாமி வரவில்லை. மாடன் கோபித்துக்கொண்டது என்று கூட்டம் முணுமுணுத்தது. ஆறுமுகப்பெருமாள்தான் கையை உயர்த்திக் கொட்டை நிறுத்தினார்.

"போதும்டே. அவன் சொல்ல வேண்டியதை எல்லாம் நேத்தே எங்கிட்டச் சொல்லித் தொலைச்சிட்டான்."

எல்லா வீட்டிலும் ஒரு தாணுலிங்கம் உண்டு. சில வீட்டில் அது மனைவி, சில வீட்டில் மகள். சாமி வந்து சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள். இன்றைக்குச் சாப்பிட உட்காரும்போது அவர் பக்கம் திரும்பி, உனக்கு இதில் சம்மதமா என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நீங்கள் வாயைத் திறக்காமல் இருங்கள்.