சங்கிலி சுற்றிய பட்டறைக்கல்

அப்பா இறந்த மூன்றாம் மாதம், மலேசியாவின் கிள்ளானில் இருந்த எங்கள் வீட்டைக் காலி செய்தேன். அவர் வாசல் கேட், ஜன்னல் கிரில் அடித்துச் செய்த இரும்புப் பட்டறைக்கல் கொல்லைப்புறத்தில் கிடந்தது. அதன் இடுப்பில் துருப்பிடித்த சங்கிலி ஒன்று இறுக்கிச் சுற்றியிருந்தது. பழைய இரும்பு வாங்குபவரை வரச் சொன்னேன்.

“மட்ட இரும்புதான் அண்ணே. தட்டினா டொக்குன்னுதான் கேக்கும்” என்றேன்.

அவர் சங்கிலியைக் கழற்றிவிட்டுச் சுத்தியலால் ஒருமுறை தட்டினார். கணீரென்ற சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

“இது நல்ல எஃகு லா. சத்தத்த அடக்கத்தான் சங்கிலி சுத்தியிருக்காங்க. வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லாம இருந்துச்சா?”

கழற்றிப் போட்ட சங்கிலியை எடுத்துப் பார்த்தேன். பள்ளியின் கடைசி வருடம், ஐந்தாம் படிவத் தேர்வுக்குப் படித்த காலத்தில், “இந்தச் சத்தத்துல மனுஷன் படிக்க முடியுமா?” என்று அப்பாவின் முன்னால் புத்தகத்தை வீசியெறிந்தவன் நான். மறுநாளிலிருந்து சத்தம் குறைந்தது. ஏனென்று நான் யோசித்ததே இல்லை.

கல்லை விற்காமல் வைத்துக்கொண்டேன். ஆனால், “தேர்வு முடிந்துவிட்டது, இனி தாராளமாக அடியுங்கள்” என்று அவரிடம் நான் ஒருநாளும் சொல்லவில்லை. சாகும்வரை அவரும் சங்கிலியைக் கழற்றவில்லை.