சேனை வைக்காத சித்தி

அக்காவின் குழந்தைக்கு நான்தான் சேனை வைக்க வேண்டும் என்று அத்தை எல்லார் முன்னிலையிலும் அறிவித்த அன்று, என் உதட்டில் புண் வராத நாள்களின் எண்ணிக்கை நூற்று முப்பத்திரண்டு. கூடத்தில் நிறைந்திருந்தவர்களில் அந்த எண்ணை நான் ஒருத்திதான் அறிவேன்.

வளைகாப்பு பாபநாசத்தில் எங்கள் வீட்டில் நடந்தது. தலைப்பிரசவத்துக்காக அக்கா ஏழாம் மாதத்திலேயே சிங்கப்பூரிலிருந்து விமானம் ஏறி வந்திருந்தாள். அத்தை, அப்பாவின் உடன்பிறந்தவர்; அவர் மகனைத்தான் அக்கா மணந்திருந்தாள் என்பதால் அவளுக்கு மாமியாரும் அவரே. பிறந்த குழந்தையின் நாவில் முதல் துளிச் சர்க்கரைத் தண்ணீரை விரலால் தொட்டுச் சேனை வைப்பவரின் குணம் அந்தக் குழந்தைக்கு வந்துசேரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அத்தை அதை முழுமையாக நம்பினார். நம்புவதற்கு அவரிடம் சான்றும் இருந்தது.

“எம் புள்ளைக்கு அன்னிக்கு யாரு சேனை வச்சது? மலேயாவுலேருந்து வந்த பெரியப்பா. வந்த எடத்துல வெரல நீட்டிட்டு மறுவாரமே கப்பல் ஏறிட்டாரு. இவன் என்ன பண்ணான்? படிப்பு முடிஞ்ச கையோட பாஸ்போர்ட் எடுத்துட்டான். இந்தத் தடவ நான் ஏமாற மாட்டேன். இவ வைக்கட்டும். பொஸ்தகத்த விட்டு இப்படி அப்படி நகராத பொண்ணு.”

சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் இதைக் கேட்டுக்கொண்டிருந்த அத்தானின் குரல் ஒலிபெருக்கி வழியே வெடித்தது: “அம்மா, அவ வச்சா புள்ள வாயே தெறக்காதும்மா!”

“தெறக்காட்டிப் போவுது. நீ வாயத் தெறந்து நாங்க என்னத்தக் கண்டோம்? ஊருல கெடந்தாப் போதும்.”

எல்லாரும் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சேனையின் பலனை நான் நம்பவில்லை. இருந்தும், ஓர் உயிர் அறியப்போகும் முதல் இனிப்பு என் விரலிலிருந்து செல்லும் என்ற நினைவு என்னை நிலைகொள்ளாமல் செய்தது. அன்று முழுவதும் என் வலக்கை ஆள்காட்டி விரலை, எனக்குப் புதிதாகக் கொடுக்கப்பட்ட ஒன்றைப்போலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் புண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளி இறுதித் தேர்வின்போது அது முதலில் வந்தது. கீழுதட்டின் இடப்பக்க ஓரத்தில் ஒரு குறுகுறுப்பு, மறுநாள் நீர் கோத்த சிறு கொப்புளங்கள் ஒரு கொத்து, பிறகு பொருக்கு. பத்து நாள் இருந்து மறையும். காய்ச்சல், வெயில், தேர்வு, இம்மூன்றில் எது வந்தாலும் அதுவும் உடன் வரும். வீட்டில் அதற்குப் பல்லி எச்சம் என்று பெயர்; உடம்புச் சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் கொடுப்பார்கள். முதுகலைத் தமிழ் இலக்கியம் சேர்ந்த முதல் ஆண்டில் எட்டு முறை வந்தது. வகுப்புத் தோழி ஒருத்தி, “என்னடி, யாரு கடிச்சது?” என்று எல்லாருக்கும் கேட்கும்படி விசாரித்தாள். அவளுக்கு அது ஒரு நிமிட வேடிக்கை. நான் அதன்பின் கைக்குட்டையால் வாயை மறைத்துக்கொண்டே உட்காரப் பழகினேன்.

ஒருநாள் கடைசி வகுப்பைத் தவிர்த்துவிட்டுத் தஞ்சாவூரில் ஒரு தோல் மருத்துவரைத் தனியாகவே பார்க்கப் போனேன். அந்த அம்மையார் விளக்கை ஒருமுறை என் உதட்டருகே பிடித்தார். ஹெர்ப்பிஸ் என்றார்.

“பேரக் கேட்டு பயந்துடாத. இது உதட்டுல வர்ற வகை. ஊர்ல பாதிப் பேருகிட்ட இருக்கும், பல்லி மேல பழியப் போட்டுட்டுச் சுத்துவாங்க. சின்ன வயசுல யாரோ உனக்கு ஆசையா முத்தம் குடுத்திருக்காங்க. அவ்ளோதான் நீ பண்ண குத்தம்.”

அடிக்கடி வருவதால் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று ஓர் ஆண்டுக்கு அசைக்ளோவிர் எழுதினார். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். இடையில் சிறுநீரகத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை. அந்தக் கிருமி நரம்புக்குள் குடியிருக்கும், மாத்திரை அதை விரட்டாது, வெளியே வராமல் அடக்கிவைக்கும், என்றும் சொன்னார்.

மருந்துக்கடைக்காரர் சீட்டை இருமுறை படித்தார்.

“யாருக்கும்மா, அம்மை போட்டிருக்கா?”

“எனக்குத்தான். அம்மை இல்லை.”

“அம்மைக்கே ஒரு வாரத்துக்குத்தானே எழுதுவாங்க? இது என்ன, வருஷத்துக்கு எழுதியிருக்கு?”

நான் பணத்தை எடுத்து நீட்டினேன். அவர் மாத்திரை அட்டைகளை என் கையில் தராமல் மேசைமேல் நகர்த்திவைத்தார். பேருந்தில் அதனுள் இருந்த குறிப்புத்தாளைப் பழைய உரையைப் படிக்கும் கவனத்தோடு படித்தேன். எந்தெந்த நோய்க்கு என்ற பட்டியலில் என் உதட்டுக்கு முன்னால், வாய்விட்டுச் சொல்லக் கூசும் வேறோர் உறுப்பின் பெயர் இருந்தது. அந்த வரிசைமுறை ஒன்றே எனக்குப் போதுமானதாயிற்று. தாளைக் கிழித்துவிட்டு, மாத்திரை அட்டையை மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தேன். வீட்டில் எவரும் என் கண்ணாடிக் கூட்டைத் திறப்பதில்லை.

குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில், புண் இல்லாத ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளி வைத்தேன். இரண்டாம் மாதத்தில் சிறிதாக ஒருமுறை வந்து நான்கே நாளில் ஓடிவிட்டது. அதன்பின் புள்ளிகள் தடையில்லாமல் நீண்டன. பருவத் தேர்வு வந்தது, புண் வரவில்லை. குளிர்காய்ச்சல் வந்தது, புண் வரவில்லை! கைக்குட்டை இல்லாமல் கருத்தரங்கில் கட்டுரை வாசித்தேன். என் குரல் அவ்வளவு தெளிவாக எழும் என்பது எனக்கே செய்தியாக இருந்தது. இந்த மகிழ்ச்சியை யாரிடமும் சொல்ல வழியில்லாததால், பக்கம் நிறைந்தபோதெல்லாம் புள்ளிகளை முதலிலிருந்து எண்ணிப் பார்த்துக்கொள்வேன்.

வளைகாப்புக்கு மறுவாரம் மருத்துவரிடம் போய்க் கேட்டேன். “புண்ணு இல்லாதப்ப கொழந்தையத் தொடலாமா, டாக்டர்?”

“கையக் கழுவிட்டுத் தாராளமாத் தூக்கு. முத்தம் மட்டும் கூடவே கூடாது. புண்ணு தெரியாத நாள்லயும் கிருமி கொஞ்சம் வெளிய வரலாம். பொறந்த புள்ளைக்கு அது சின்ன விஷயமில்லம்மா, உயிருக்கே ஆபத்தாப் போயிடும். உதட்டுல லேசாக் குறுகுறுன்னாக்கூட அந்த ரூம் பக்கமே போயிடாத.”

“சேனை வைக்கிறது…”

“தாய்ப்பாலத் தவிர எதுவும் வாயில வைக்காதீங்கன்னுதான் நாங்க சொல்லுவோம். நீங்க எங்க கேக்கறீங்க?”

இந்தக் கடைசிப் பதிலை நான் வேண்டுமென்றே அரைகுறையாகக் கேட்டுக்கொண்டேன். புள்ளிகள் என் பக்கம் இருந்தன. குறுகுறுப்பு வந்தால்தானே விலக வேண்டும்? அது வராது. காலை, மாலை ஒருவேளையும் தவறாமல் மாத்திரை போட்டேன். அத்தையிடம் ஒன்றும் சொல்லவில்லை.

குழந்தை இரண்டு வாரம் முந்திக்கொண்டது. அன்று எனக்கு இறுதித் தாள். தேர்வு முடிந்து வெளியே வந்தால் கல்லூரி வாசலில் அப்பா ஸ்கூட்டரை நிறுத்தாமலே உறுமவிட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

“பொண்ணு! பொண்ணு பொறந்திருக்கு! ஏறும்மா, ஏறு! ஒங்க அத்தை டம்ளரும் கையுமா நிக்கிறா!”

நான் சித்தி ஆகிவிட்டேன்! சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் பறந்தது. பேருந்துகளின் இடையே அப்பா புகுந்து போன விதத்தை வேறொரு நாளாயிருந்தால் கண்டித்திருப்பேன். சிரித்துக்கொண்டே இருந்தேன், காற்று பல்லில் பட்டது. மருத்துவமனைத் தெருவில் திரும்பும்போது, கீழுதட்டின் இடப்பக்க ஓரத்தில் ஏதோ ஊர்ந்தது.

காற்றா, வியர்வையா, அதுவேதானா? ஸ்கூட்டரின் சிறு கண்ணாடியில் குனிந்து பார்த்தேன். உதடு சுத்தமாக இருந்தது. அன்று நூற்று எண்பத்தெட்டாம் நாள்.

அறைக்குள் அக்கா களைத்த முகத்தோடு சிரித்தாள். அவள் பக்கத்தில் வெள்ளைத் துணிக்குள்ளிருந்து ஒரு சிவந்த முகம் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. அத்தை கையில் வெள்ளி டம்ளர். தாதி ஜன்னல் பக்கம் திரும்பி, எதையும் பார்க்காததுபோல் மருந்துகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“வாடி மவராசி! கையக் கழுவிட்டு ஓடியா. எம் பேத்தி எம்மாம் நேரமா வாயப் பொளந்துகிட்டுக் கெடக்கா பாரு.”

நான் வாசல்படியிலேயே நின்றேன். உதட்டில் ஒன்றும் தெரியவில்லை என்பதை அப்போதுதான் பார்த்திருந்தேன். அந்தக் குறுகுறுப்பை என்னையன்றி எவராலும் அறிய முடியாது. கையை நன்றாகக் கழுவினால் போதாதா? ஆனால் கை கழுவிவிட்டும் உதட்டைத் தொட்டுப் பார்ப்பேன். தெருவிலிருந்து அறைவரை அதைத்தான் செய்துகொண்டு வந்திருந்தேன்.

“நான் வைக்கலை, அத்தை.”

“என்னது?”

“நான் வைக்க மாட்டேன்.”

அத்தையின் முகம் சுருங்கியது. “ஏன், பொட்டப் புள்ளன்னு பாக்கிறியா? நீயெல்லாம் படிச்சு என்னடி பிரயோசனம்?”

அம்மா அவசரமாக என் அருகே வந்து காதோடு கேட்டாள்: “ஏண்டி, தூரமா?”

மாதவிலக்கா என்பதுதான் கேள்வி. தலையை ஒருமுறை அசைத்திருந்தால் போதும். எல்லாரும் புரிந்துகொண்டு விலகியிருப்பார்கள், எனக்கும் எந்தக் கூச்சமும் மிஞ்சியிராது. ஏறக்குறைய அசைத்தும்விட்டேன். ஆனால் மூன்றாம் நாள் என்ன சொல்வது? தலைக்குக் குளித்துவிட்டு வா என்று சொல்லி, என் மடியில் குழந்தையைப் போட்டு, முத்தம் கொடு என்பார்களே. கண்ணாடிக் கூட்டைத் திறந்து மாத்திரை அட்டையை வெளியே எடுத்தேன்.

“எனக்கு ஒரு தொற்று இருக்கிறது, அத்தை. உதட்டில் வரும் புண் அதனால் வருவது. எட்டு மாதமாக மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். அது பெரியவர்களுக்குச் சாதாரணம். பிறந்த குழந்தைக்கு ஆபத்து. இப்போது வருவதுபோல் இருக்கிறது.”

பதற்றத்தில் என் வாயில் எழுத்துத்தமிழ்தான் வந்தது.

“என்னடி இது, ரேடியோவுல சேதி வாசிக்கிற மாதிரி சொல்ற?” என்றார் அத்தை. பிறகு குரல் தணிந்தது. “பல்லி எச்சம்னு சொல்லுவோமே, அதுவா?”

“அதுதான்.”

“காய்ச்சல் விட்டா எனக்கும் இந்த ஓரத்துல கொத்தாக் கெளம்புமேடி!”

“அதுவாகத்தான் இருக்கும்.”

அத்தை டம்ளரை மேசைமேல் வைத்தார். பேத்தியின் பக்கம் ஓரடி எடுத்தவர், அந்த அடியைத் திரும்பவும் பின்னால் வைத்தார். “அப்ப நானும் முத்தக் கூடாதா?”

“கூடாது, அத்தை.”

“எனக்கும் வரும்,” என்றாள் அம்மா மெதுவாக. என் உதட்டையே பார்த்தாள். “கைக்குழந்தையில ஒன்ன மூஞ்சி பூரா நாந்தான் முத்துவேன்.”

“யாரோ ஆசையாக் கொடுத்ததுன்னு டாக்டர் சொன்னாங்கம்மா,” என்றேன். அம்மா என் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

அக்கா படுக்கையில் வலியோடு சிரிக்கத் தொடங்கினாள். “எட்டு மாசமா எங்கிட்டகூட சொல்லலியாடி நீ? சரி, எம் புள்ளைய முத்துறதுக்கு இந்த ரூமுல ஒருத்தருக்காவது யோக்கியதை இருக்கா, இல்லியா?”

“யாரும் முத்தாம இருந்தாலே எங்களுக்குப் பாதி வேலை கொறையுங்க,” என்றார் தாதி, இப்போது நன்றாகவே எங்கள் பக்கம் திரும்பி. “அந்தச் சர்க்கரைத் தண்ணிய நீங்களே குடிச்சிடுங்க பாட்டிம்மா. புள்ளைய அம்மாகிட்டக் குடுங்க. மொதல்ல பால் குடிக்கட்டும்.”

குழந்தை அக்காவின் மார்பில் வாய் வைத்தது. அத்தை நெடுமூச்சு விட்டார். “போச்சு. அப்ப இவளுக்கு இவ அம்மா கொணந்தான். மூணு மாசத்துல ஏரோப்ளேன் ஏறிடுவா.”

நான் அறைக்குள் நுழையாமல் நான்கு நாள்கள் வாசல்படியில் நின்றே குழந்தையைப் பார்த்தேன். அவள் தும்மினாள், கொட்டாவி விட்டாள், கால் விரல்களை விரித்தாள். ஒவ்வொன்றையும் அங்கிருந்தே உரத்த குரலில் அறிவித்தேன். அவ்வளவு பேசுபவள் நான் என்று வீட்டில் எவருக்கும் தெரியாது. அந்த நான்கு நாளும் காலை, மாலை உதட்டைச் சோதித்தேன். கொப்புளம் எழவேயில்லை.

“மாத்திரை அடக்கியிருக்கலாம்,” என்றார் தோல் மருத்துவர், போய்க் கேட்டபோது. “இல்ல, சந்தோஷத்துல ஒதடு துடிச்சிருக்கலாம். எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியப்போறதில்ல.”

நூற்று எண்பத்தெட்டாம் நாளுக்குப் புள்ளி வைப்பதா வேண்டாமா என்று நெடுநேரம் யோசித்து, சற்றுச் சிறியதாக ஒன்று வைத்தேன். ஐந்தாம் நாள் கைகளை முழங்கைவரை கழுவிக்கொண்டு அவளைத் தூக்கினேன். அவள் கொட்டாவி விட்டதை அன்று கிசுகிசுத்தே அறிவித்தேன்.

ஆடியில், வாய்க்காலில் தண்ணீர் வந்த வாரம், அத்தான் அழைத்துப்போக வந்தார். திருச்சி விமான நிலையத்துக்குக் கார் வாசலில் நின்றது. குழந்தைக்கு மூன்று மாதம் முடிந்திருந்தது. காலை மாத்திரையைப் போட்டாயிற்று; இப்போது அட்டை எல்லார் கண்ணிலும் படும்படி சாப்பாட்டு மேசைமேல்தான் இருந்தது. இருநூற்று எழுபத்தொன்பது. சுத்தமான உதடு. கையைக் கழுவித் துடைத்துவிட்டு, கடைசியாக ஒருமுறை அவளை வாங்கிக்கொண்டேன். கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கும் பருவம். இரு கையாலும் என் ஆள்காட்டி விரலைப் பிடித்து நேராக வாய்க்குக் கொண்டுபோனாள். வெறும் ஈறுகளுக்கு அத்தனை வலிமையா!

“வச்சுட்டா!” அத்தையின் குரல் தெருமுனைவரை கேட்டிருக்கும். “சித்தி சேனை வச்சுட்டாடி! டேய், எழுதி வச்சுக்க, இவ அங்க தங்க மாட்டா!”

“மூணு மாசம் கழிச்சு வச்சா செல்லாதும்மா,” என்றார் அத்தான்.

“செல்லும், செல்லும். புள்ளையே கேட்டு வாங்கிக்கிச்சு.”

ஓட்டுநர் ஒலி எழுப்பினார். “ஒரு நிமிஷம் இருங்க,” என்று நானே உரக்கச் சொன்னேன். அவள் விரலை இன்னும் விடவில்லை.