தண்ணீர் வராத மேடு

என் தையல் பெட்டிக்குள் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. பித்தான்கள், ஊக்குகள், அறுந்த ஜிப்புகள் எல்லாவற்றுக்கும் அடியில், துணியில் சுற்றிய ஒரு காய்ந்த வில்லை. பார்த்தால் உடைந்த அதிரசம் போல இருக்கும். ஒரு பக்கம் செம்மண் நிறம். புரட்டினால் வைக்கோல் துணுக்குகள் தெரியும். தம்பி மனைவி ஒருமுறை டின்னைச் சுத்தம் செய்கிறேன் என்று அதைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டாள். நான் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். தெரியாமல்தான் போட்டாளா என்று அதன்பிறகு கொஞ்ச நாள் அவளையே கவனித்துக்கொண்டிருந்தேன். என் குணம் அப்படி. வீட்டில் எனக்குச் சந்தேகப் பிராணி என்று பெயர். ஓய்வு பெறும்வரை அளவுகளைச் சரிபார்த்தே சம்பளம் வாங்கியவளுக்கு அது ஒன்றும் வசவு அல்ல. ஆனால் இந்த வில்லையை எடுத்துப் பார்க்கும்போது மட்டும் அந்தப் பெயர் கொஞ்சம் குத்தும். எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்த இஞ்சினியரின் ஞாபகமும் கூடவே வரும்.

நாடு விடுதலைக்குத் தயாராகிக்கொண்டிருந்த காலம் அது. மலாக்காவில் சாலை, சாக்கடை வேலைகளைப் பார்த்த ஓர் அலுவலகத்தில் நான் படப்பிரதி எடுக்கும் வேலையில் இருந்தேன். அசல் படத்தின்மேல் மெல்லிய துணித்தாள் விரித்து, கோடு இம்மியும் பிசகாமல் மை போட்டு எடுக்க வேண்டும். வரைபட அறையில் நான் ஒருத்திதான் பெண். வெள்ளைக்காரத் தலைமை இஞ்சினியர் பெட்டிகளைக் கட்டத் தொடங்கியிருந்தார். அவர் போனபின் வேலையை யார் பார்ப்பது என்ற கேள்வி வந்தது. அளவுகோல் பிடித்தும் மேற்பார்வை செய்தும் பழகிய நம் ஆட்களில் சிலரை இஞ்சினியர்களாக்குவது என்று மேலிடத்தில் முடிவு செய்து, பயிற்சி கொடுக்கச் சிங்கப்பூரிலிருந்து ஒருவரை அனுப்பினார்கள். தமிழர். வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் அவரைவிட வயதில் மூத்தவர்கள். தேய்த்த வெள்ளைச் சட்டையும் குறைந்த பேச்சுமாக இருப்பார். பயிற்சி சார் என்றே அவரைக் கூப்பிட்டோம். படப்பிரதிகளுக்காக என்னையும் வகுப்பில் உட்கார வைத்தார்.

அவர் கொண்டுவந்த பாடம் எங்களுக்குப் புதிது. அலுவலகத்தின் பின்கட்டில், தகரக் கூரைக்குக் கீழே, ஒரு பழைய கதவைக் கிடையாகப் போட்டு, அதன்மேல் சாந்தைக் குழைத்து மலாக்காவின் காஜா பெராங் பகுதி முழுவதையும் கட்டச் சொன்னார். நான் பிரதி எடுத்த படத்தில் உள்ள உயரங்களின்படி மேடு மேடாகவும் பள்ளம் பள்ளமாகவும் இருக்க வேண்டும். தெருக்களைக் கீறி, ஓடைகளைத் தோண்டி, மேலே செம்மண் கரைசல் பூசினோம். அடியில் பித்தளைக் குழல்கள் ஓடின. அவை பிற்காலத்தில் வரப்போகும் கழிவுநீர்க் குழாய்கள். அப்போது அந்தப் பகுதியில் வாளிக் கக்கூஸ்தான். எல்லாம் காய்ந்ததும் பூவாளியால் மழை பெய்விப்பார். மழைக்கு நீல மை, கழிவுக்குச் சிவப்பு மை. இரண்டும் எங்கே கலக்கின்றன, நீலம் எங்கே தேங்குகிறது என்று பார்த்து, கணக்குப் போட்டு, புதிய பெரிய லோங்காங்கை எந்த வழியாக எவ்வளவு அகலத்தில் வெட்டலாம் என்று சொல்ல வேண்டும். ஊர் வாயில் சாக்கடைக்கு லோங்காங் என்றுதான் பெயர். "தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடி உயரத்தப் பாருங்க," என்பார் தினமும். "உயரம் தப்பா இருந்தா, அதுக்கப்புறம் நீங்க போடுற கணக்கெல்லாம் ரொம்ப அழகா தப்பா வரும்."

நல்ல பேச்சுதான். ஆனால் எனக்கு ஆள் மேல் நம்பிக்கை வரவில்லை. தண்ணீர் ஓடும்போது எல்லோரும் பலகையைப் பார்த்தால், அவர் எங்கள் முகங்களைப் பார்ப்பார். வகுப்பில் ஒரு நண்பர் இருந்தார், தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே வாழ்கிற சிட்டி சமூகத்தவர். பெயர் தமிழ்ப் பெயர், பேச்சு முழுக்க மலாய். அவரும் இதைக் கவனித்துவிட்டு, "டியா தெங்கோக் மூக்கா கித்தா," என்று என் காதருகே சொன்னார். நம் மூஞ்சியைத்தான் பார்க்கிறார் என்று அர்த்தம். யார் தேறுவார், யார் தேறமாட்டார் என்று மேலே எழுதிப்போட வந்தவர் என்பது அவர் கட்சி. என் கணக்கு வேறு. பயிற்சி சார் சாயங்காலம் தவறாமல் எங்கள் சந்துக்கு எதிரே அரிசிக் கிடங்கு வைத்திருந்த பாயோடு உட்கார்ந்து தேநீர் குடிப்பார். பாய் நாலு தலைமுறையாக ஊரில் வியாபாரம் செய்கிற குடும்பம். ஒருவர் பேச இன்னொருவர் சிரிப்பதை நான் வேலை முடிந்து வரும்போது பார்ப்பேன். சிங்கப்பூர் மனிதருக்கு அரிசி வியாபாரியோடு என்ன சிரிப்பு என்று எனக்கு உறுத்தும்.

உறுத்தக் காரணம் இருந்தது. காஜா பெராங்கில் தண்ணீர் நிற்கிற பள்ளத்தின் ஒரு கரையில் பாயின் கிடங்கு, மறு கரையில் எங்கள் வீடும் மாட்டுக் கொட்டகையும். பெரிய லோங்காங், தண்ணீர் சேர்கிற பக்கமாக, இரண்டில் ஒன்றை இடித்துக்கொண்டுதான் போக முடியும். அப்பா பால்காரர். ரப்பர் தோட்டத்தை விட்டு வந்து, ஒரு கன்றுக்குட்டியில் ஆரம்பித்து, கொட்டகை நிறைய மாடு சேர்த்தவர். கொட்டகை போனால் ஊருக்குள் வேறெங்கும் மாடு கட்ட விடமாட்டார்கள். அவருக்கு வேறு தொழிலும் தெரியாது. எங்கள் அலுவலகத்துத் தேநீருக்கும் அவர்தான் பால் கொடுத்தார். காலையில் யாரும் வருவதற்கு முன்பே சைக்கிளைப் பின்கட்டில் நிறுத்திவிட்டு, பலகையைத் தாண்டித்தான் சமையலறைக்குப் போவார். சில நாள் பயிற்சி சார் முன்னதாகவே வந்திருந்தால் இருவரும் பேசிக்கொண்டு நிற்பதுண்டு. நான் வந்து சேர்கையில் அப்பா பணிவாகத் தலையாட்டுவதைக் கண்டால் எனக்கு எரிச்சலாக இருக்கும். யாரிடம் எதைச் சொல்கிறோம் என்று தெரியாத மனிதர் என்று நினைத்துக்கொள்வேன்.

போகப்போகிற வெள்ளைக்காரத் துரை வந்து பார்த்து, லோங்காங் வழியை முடிவு செய்யும் நாள் வந்தது. அன்று காலை, பலகையின் உயரங்களைப் படத்தோடு கடைசியாக ஒருமுறை ஒத்துப்பார்க்கும் வேலையைப் பயிற்சி சார் என்னிடம் கொடுத்தார். நீள்கோலைக் குறுக்கே வைத்து இடம் இடமாக அளந்துகொண்டே வந்தேன். எங்கள் கொட்டகை இருந்த இடத்தில் கோல் தட்டியது. படத்தில் பள்ளம், பலகையில் மேடு. விரல் பருமன்தான். ஆனால் அந்தப் பலகையில் விரல் பருமன் என்பது ஒரு வீடு மூழ்காமல் தப்புகிற உயரம். செம்மண் பூச்சோடு பூச்சாக, கண்ணுக்கே தெரியாதபடி வழுவழுவென்று தேய்த்திருந்தது.

சந்தோஷப்பட வேண்டியவள் நான். இந்த மேடு இருந்தால் தண்ணீர் பாயின் கிடங்குக்குப் போகும், எங்கள் வீடு தப்பும். பாய்க்கு வேண்டியவர் ஏன் எங்களைக் காப்பாற்ற வேண்டும்? என் கணக்கு குழம்பியது. குழம்பிய கொஞ்ச நேரத்திலேயே அதைவிட மோசமான கணக்கு ஒன்று கிடைத்துவிட்டது. துரை கண்டுபிடித்தால் யார் மாட்டுவார்? படம் என்னுடையது, வீடு என்னுடையது, கடைசியாக அளந்தவளும் நான். எனக்குப் பொறி வைத்து, பாயின் கிடங்கையும் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறார் என்று முடிவே செய்துவிட்டேன். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். தனியாகக் கேட்டால் மழுப்பிவிடுவார் என்று தோன்றியது.

துரை வந்தார். வகுப்பு முழுவதும் பலகையைச் சுற்றி நின்றது. பயிற்சி சார் பூவாளியைத் தூக்கும் நேரம் பார்த்து, "சார், இந்த எடத்துல என் படத்துல இல்லாத ஒரு மேடு இருக்கு. யாரோ வச்சிருக்காங்க," என்றேன். யாரோ என்ற சொல்லை அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. பூவாளியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். "நீங்களே எடுத்துப் பாருங்க, மிஸ்," என்றார்.

தலையிலிருந்த கொண்டை ஊசியை உருவி ஓரத்தில் நெம்பினேன். வில்லையாகக் கழன்று கையில் வந்தது. சாந்து இப்படிக் கழலாது. புரட்டினேன். வைக்கோல். மூக்கருகே கொண்டுபோகவே வேண்டியிருக்கவில்லை. களிமண்ணும் சாணியும் குழைத்து, நறுக்கிய வைக்கோல் போட்டு, கட்டை விரலால் இழுத்துத் தேய்த்த வேலை. வாரம் தவறாமல் எங்கள் கொட்டகைத் தரையில் நான் பார்க்கிற வேலை. அதைத் திரும்ப வைத்து அமுக்கிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பயிற்சி சார் கையை நீட்டினார். பாதியைப் பிய்த்து வாங்கி, விரலிடுக்கில் பொடியாக்கினார். அவர் அப்பாவோடு நின்று பேசியவர். அப்பா பக்கத்தில் நின்றால் என்ன வாசனை வரும் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. துரை ஆங்கிலத்தில், இது யார் வேலை என்று கேட்டார். என்னுடைய கவனக்குறைவுதான், விரிசலை அடைக்க நான் வைத்தது, எடுக்க மறந்துவிட்டேன் என்று அவர் பதில் சொன்னார். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. துரையின் முகம் சுளித்தது. பிறகு பூவாளி சாய்ந்தது. நீலம் தெருக்களில் இறங்கி, சந்து முனையில் ஒரு நிமிடம் தயங்கி, நேராக எங்கள் கொட்டகைக்குள் போய் நின்றது. துரை சிவப்புப் பென்சிலை எடுத்துப் படத்தில் ஒரு கோடு போட்டார். அவ்வளவுதான், எங்கள் வீடு போயிற்று.

அன்று சாயங்காலம் அப்பா பால் கறந்துகொண்டிருந்தார். நான் கொட்டகை வாசலில் நின்றதுமே புரிந்துகொண்டார்.

"யாரும்மா எடுத்தது?"

"நான்தான்."

கறவை நிற்கவில்லை. மாட்டிடம் சொல்வதுபோல, "இந்த எடத்த கொஞ்சம் தூக்கிவிட்டா தண்ணி வராதுன்னு இஞ்சினியர் ஐயாதானம்மா சொன்னாரு. அதான் தூக்கிவிட்டேன்," என்றார். எனக்கு அவர்மேல் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. பலகையில் தூக்கினால் ஊரில் உயராது என்று அவருக்கு விளக்கிச் சொல்ல வாயெடுத்தேன். துரை கோடு போட்டது பலகையைப் பார்த்துத்தான் என்பது நினைவுக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டேன். அப்பா நினைத்தது முழுத் தப்பு என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியவில்லை.

மாடுகளில் பாதியை விற்றுவிட்டு ஊருக்கு வெளியே புக்கிட் ரம்பாய்ப் பக்கம் குடிபோனோம். விடுதலை நாளன்று ஊரே திடலில் கூடியிருந்தபோது அப்பா வேலிக்கு மூங்கில் பிளந்துகொண்டிருந்தார். எங்கள் சிட்டி நண்பர் இஞ்சினியரானார். பயிற்சி சாருக்கே தலைமைப் பதவி கிடைக்கும் என்று பேசிக்கொண்டார்கள், கிடைக்கவில்லை. அந்தக் கவனக்குறைவுதான் காரணமா என்று யாரும் சொல்லவில்லை. சிங்கப்பூருக்குத் திரும்பும் நாளில் என் மேசையருகே நின்று, "அப்பாகிட்ட பால் நல்லாயிருந்துச்சுன்னு சொல்லுங்க, மிஸ்," என்றார். தலையைக் குனிந்து மை போட்டுக்கொண்டிருந்தேன். நன்றி சொல்லவில்லை. ஏன் எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை என்ற சந்தேகம் அப்போதும் விடவில்லை. இடத்தைத் தூக்கினால் தண்ணீர் வராது என்று அப்பாவிடம் போகிற போக்கில் சொன்னாரா, பால்காரர் புரிந்துகொள்ளட்டும் என்று சொன்னாரா? தெரிந்தேதான் என்னை அளக்கச் சொன்னாரா? ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டேன். எப்படிப் புரட்டினாலும் கடைசியில் பழியை ஏற்றுக்கொண்டு நின்றவர் அவர்தான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போன மாதம் தம்பி மகன் என்னை ஆயர் குரோவுக்குக் கூட்டிப்போனான். அங்கே இளம் இஞ்சினியர்களுக்கு மழைநீர், கழிவுநீர் ஓட்டத்தைக் கணினியில் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறான். என்னைப் பின்வரிசையில் உட்கார வைத்துவிட்டு வகுப்பை ஆரம்பித்தான். திரையில் விரிந்தது காஜா பெராங். எனக்குப் படமே தேவையில்லை, சந்தெல்லாம் விரலுக்குத் தெரியும். மழை என்று ஒரு பொத்தானை அமுக்கினான். நீலம் இறங்கியது. எங்கள் பழைய லோங்காங் நிரம்பி, பக்கத்தில் இப்போது இருக்கிற வீடுகளுக்குள் பரவி நின்றது. அவன் ஏதோ ஓர் எண்ணை மாற்றினான். நீலம் விலகிப் போயிற்று.

"இந்த எடத்த கொஞ்சம் தூக்கிவிட்டா போதும். பாருங்க, தண்ணி வராது," என்றான்.

பிள்ளைகள் தலையாட்டினார்கள். அவன் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கையைத் தூக்கினேன்.

"அந்த எடத்துல யாரு இருக்காங்க?"

"அதெல்லாம் இதுல வராது அத்தை. ஒயரம் மட்டுந்தான்."

செமாபோக்கில் இப்போது நாங்கள் இருக்கிற வீட்டுக்கு வந்ததும் டின்னைத் திறந்து வில்லையை எடுத்தேன். வாசனை எப்போதோ போய்விட்டது. விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தால், மேல்பக்கத்தில் அப்பாவின் கட்டை விரல் இழுத்த கோடுகள் மட்டும் இன்னும் தெரிகின்றன. தண்ணீர் வராது என்று முழுசாக நம்பித் தேய்த்த விரல் அது.