ஹால் சுவருக்கு ஒன்பதாயிரம்

என் குணம் எனக்குத் தெரியும். நடக்காத ஒன்றுக்கு முன்கூட்டியே அழுது தீர்ப்பவள் நான். செம்பாக்கத்து வாடகை வீட்டைக் காலி செய்வதென்று முடிவானதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. காரணம், ஹால் சுவர்.

அதில் என் மகள் ரயில் வரைந்திருந்தாள். அப்போது யுகேஜி. சோபா முனையில் இஞ்சின் தொடங்கி, கிச்சன் வாசல் வரை பெட்டி பெட்டியாக, க்ரேயானில், ஜன்னலுக்கு ஒரு தலை வைத்து. வரைந்த நாளில் நானே சிரித்தேன், போட்டோகூட எடுத்தேன். "தாம்பரம் வந்துடுச்சு, எல்லாரும் எறங்குங்க" என்று அவள் கத்துவாள். நானும் கரண்டியோடு கிச்சன் வாசலில் இறங்கியிருக்கிறேன்.

வீட்டைக் காலி செய்யும்போது பெயிண்டிங் செலவுக்கென்று ஓனர் அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது இங்கே வழக்கம். எங்களுக்கு அது பதினோராயிரம். அதற்கு மனதைத் தேற்றிக்கொண்டுவிட்டோம். மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த பள்ளி குரோம்பேட்டையில் இருந்தது. பக்கத்துத் தெருவிலேயே ஒரு வீடு கிடைத்தது, அட்வான்ஸ் எண்பதாயிரம். ஞாயிற்றுக்கிழமைக்குள் கட்டாவிட்டால் வேறு பார்ட்டிக்குக் கொடுத்துவிடுவேன் என்று அந்த வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். கையிருப்பையும், திரும்பி வரும் பழைய அட்வான்ஸையும் கூட்டினால், ஒரு மாதம் பிடித்தாலும் இழுத்துப் பிடித்து எட்டிவிடும்.

அப்போதுதான் எதிர் வீட்டு அக்கா காய்கறி வண்டிக்காரரிடம் நின்றபடி ஒரு குண்டைப் போட்டார்.

"கீழ் போர்ஷன்ல இருந்தவங்களுக்கு ரெண்டு மாசம் புடிச்சாங்க, தெரியுமா?"

"ஏங்க்கா, சுவரு அவ்ளோ மோசமா?"

"அது தெரியலப்பா. உங்க பாப்பா வேற சுவத்துல ரயிலே ஓட்டியிருக்காளே."

இரண்டு மாதம் பிடித்தால் குரோம்பேட்டை வீடு அவ்வளவுதான். என் கணவர் மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர். எதற்கும் பதறாத மனுஷன்.

"ஓனரம்மாவையே கேட்டுடேன்" என்றார்.

"நல்லா இருக்கே. நாமளே போய் ஞாபகப்படுத்தணுமா?"

அட்வான்ஸ் பேச்சைக் குடியிருப்பவர் முதலில் எடுக்கக் கூடாது என்பது என் கொள்கை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி கதையாகிவிடும் என்று பயம். ஓனரம்மாவிடம் கேட்காமல் பெயிண்டரைக் கூப்பிட்டேன். அவர் ரயிலை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"முழு வூடுன்னா இருபத்தெட்டு ஆவும்க்கா. ஹால் மட்டும்னா ஒம்போது."

"இந்த ஒரு சுவரை மட்டும் அடிச்சா போதும்ணா."

"ஒண்ணு மட்டும் அடிச்சா மத்த மூணு செவுரும் பல்ல இளிக்கும். அப்பறம் பேஜாராப் பூடும். இது மெழுகு வேற. சும்மா மேல அடிச்சா ரயிலு உள்ள இருந்து எட்டிப் பாக்கும். தேய்ச்சு எடுத்து, பிரைமர் போட்டுத்தான் அடிக்கணும். இன்னா சொல்றீங்க?"

நான் மனக்கணக்குப் போட்டேன். நாமே அடித்துக் கொடுத்துவிட்டால் ஓனரம்மா பெயிண்டிங்குக்கென்று எதையும் பிடிக்க முடியாது. ஒன்பது கொடுத்தால் பதினொன்று மிச்சம்.

"அடிச்சும் ரெண்டு மாசம் புடிச்சா?" என்றார் கணவர்.

"உங்க வாய்ல நல்ல வார்த்தையே வராதா?" என்று எரிந்து விழுந்தேன்.

வியாழக்கிழமை வேலை நடந்தது. உப்புத்தாள் தேய்க்கத் தேய்க்க, இஞ்சினிலிருந்து ஒவ்வொரு பெட்டியாகப் போனது. மகள் ரூம் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உள்ள இருந்தவங்கல்லாம் எறங்கிட்டாங்களா?"

"எறங்கிட்டாங்க. தள்ளிப் போ, தூசி."

சாயங்காலம் பெயிண்டர் கிளம்பியதும் பால் காய்ச்சப் போனேன். திரும்பி வந்தால், ஈரச் சுவரில் ஐந்து விரலும் பதிந்த ஒரு சின்னக் கை. "காஞ்சுடுச்சான்னு பாத்தேம்மா" என்றாள். முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். "உன்னாலதான்டி இவ்ளோ செலவும். ஒம்போதாயிரம், தெரியுமா?" என்று கத்தினேன். அவளை நான் அடித்தது அதுதான் முதல் தடவை. அவள் அழாமல் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நின்றாள். அடியைவிட அந்த வார்த்தைக்காகத்தான் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை அட்வான்ஸைத் திருப்பித் தர ஓனரம்மா வந்தார். ஏரிப் பக்கம் ஒரு காலத்தில் பயிர் வைத்திருந்த குடும்பம், இப்போது நாலு வீடு வாடகைக்கு விடுகிறார்கள். ஹாலைப் பார்த்து நின்றுவிட்டார்.

"ஏம்மா, இப்ப எதுக்கு அடிச்சீங்க? வர்றவங்க ஐவரி கலர் கேட்டிருக்காங்க. நான் ஆளுக்குச் சொல்லிட்டேனே."

"அப்ப பெயிண்டிங் சார்ஜ்..."

"ஒரு மாசம்தான். அக்ரிமென்ட்லயே போட்டிருக்கே."

"கீழ இருந்தவங்களுக்கு ரெண்டு மாசம்னாங்க."

"அவங்க ஒரு மாச வாடகை பாக்கிம்மா. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

கேட்டிருக்கலாம். மாடிப்படி இறங்கி, பக்கத்து கேட்டைத் தட்டிக் கேட்டிருக்கலாம். பெயிண்டுக்குக் கொடுத்த ஒன்பதாயிரம்தான் இப்போது எண்பதில் குறைந்தது. அன்றே என் தோடு அடகுக் கடைக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை எண்பதாயிரத்தையும் கட்டினோம்.

குரோம்பேட்டைக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. தோட்டை மீட்டுவிட்டோம். இந்த வீட்டுச் சுவர்களில் முன்பு இருந்தவர்களின் ஆணி ஓட்டைகளும் எண்ணெய்க் கறையும் உண்டு, ஆனால் க்ரேயான் கோடு ஒன்றுகூட இல்லை. மகள் படிப்பதும் வரைவதும் நடு ஹாலில் பாயில்தான். போன வாரம் தாங்காமல் புது க்ரேயான் டப்பா ஒன்று வாங்கி வந்து அவள் முன்னால் வைத்தேன்.

"இந்தச் சுவத்துல வரைஞ்சுக்கோடா. அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவள் டப்பாவைத் தொடவில்லை. சுவரை ஒரு தடவை பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"இந்தச் சுவரு எவ்ளோம்மா?" என்று கேட்டாள்.