நான் எடுத்த ஒரு வரி

எங்கள் தொழிலில் புரோகிராமில் ஒரு வரியைச் சேர்த்தவனை யாரும் தேட மாட்டார்கள், எடுத்தவனைத்தான் ஊரே தேடும். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கும் அன்பர்களே, உங்களுக்கு இது புதிதில்லை.

அறுபது வரி

பாளையங்கோட்டையில் எங்கள் சின்னக் கம்பெனி, தோட்டத்து மோட்டாரைத் தானாகப் போட்டு அணைக்கும் பெட்டி செய்கிறது. உள்ளே ஓடுவது லினக்ஸ் சிஸ்டம். அதில் போகும் ஒவ்வொரு பேக்கேஜையும், அதாவது சின்னப் புரோகிராமையும், எப்படிக் கட்டி எடுப்பது, அதுதான் பில்ட் செய்வது, என்று ஒரு கோப்பு உண்டு. ஒன்றைப் பார்த்து ஒன்று காப்பியடித்து ஒவ்வொன்றும் அறுபது வரிக்கு வீங்கியிருந்தது. பாதியை பில்ட் சிஸ்டம் சொல்லாமலே செய்துவிடும். அவற்றை எளிமையாக்கும் வேலை என் தலையில் விழுந்தது. பெட்டியின் கடிகாரத்துக்கான கோப்பில் ஒரு வரியைக் காட்டி, எதற்கு என்று அதை எழுதிய ஜெபா அக்காவிடம் கேட்டேன்.

"மறந்துட்டுல. எடுத்துப் பாரு, யாரு கத்துதான்னு தெரியும்."

மேசையில் ஓடியது

எடுத்தேன். பெட்டிதான் நெட்டிலிருந்து நேரம் வாங்கிக்கொள்கிறதே, கரண்ட் போனாலும் ஓடும் பேட்டரி சிப்பில் அதை வேறு எதற்கு இந்த வரி சேமிக்க வேண்டும்? பில்ட் ஆனது. மேசையில் ஓடியது. ஆனாலும் நம்பிக்கை வரவில்லை. பழைய பில்டையும் புதியதையும் நாலு தடவை ஒப்பிட்டேன். பத்துப் பெட்டிகளைத் தோட்டங்களில் மாட்டக் கிளம்பிய காயல்பட்டினத்துக் காசிம் என் விரல்களைப் பார்த்தார்.

"இன்ஷா அல்லாஹ், ஓடும்வே. நகத்தையாவது மிச்சம் வையும்."

நாங்குநேரி

அதில் ஒரு பெட்டி வாங்கிய நாங்குநேரி அண்ணாச்சிக்கு மூன்று ஏக்கர் வாழை, குலை தள்ளும் சமயம். பெட்டியை நம்பிச் சாத்தான்குளத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். இங்கே கரண்ட் போய் வந்திருக்கிறது. கிணற்றடியில் சிக்னல் கிடையாது, மாட்டிய அன்று காசிம்தான் நேரத்தைக் கையால் வைத்திருந்தார். நேரம் தெரியாத பெட்டி, லினக்ஸ் எண்ணத் தொடங்கும் பழைய தேதிக்குப் போய், தண்ணீர் பாய்ச்சும் நாள் இன்னும் வரவில்லை என்று நாலு நாள் சும்மா இருந்தது. அவர் திரும்பி வந்து போன் செய்ததும் நானும் காசிமும் பைக்கில் பறந்தோம். இலைகள் தொங்கிக் கிடந்தன. மோட்டாரைக் கையால் போட்டுவிட்டு, திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அண்ணாச்சி பெட்டித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இதுல ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுன்னு காட்டுது. அப்ப எங்கம்மைக்குக் கல்யாணமே ஆவலய்யா."

ஒன்பது வரி

வரியைத் திரும்பச் சேர்த்தேன். இந்தத் தடவை நெட்டைப் பிடுங்கிவிட்டு, கரண்டை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தேன். காசிமோடு போய்ப் பத்துப் பெட்டியிலும் புது பில்டை ஏற்றினேன். வாழை தப்பியது. ஓரத்து வரிசையில் மட்டும் குலைகள் சிறுத்துவிட்டன, அது இன்றும் உறுத்துகிறது. அந்த வரிக்கு மேலே, 'சிக்னல் இல்லாத தோட்டத்தில் கரண்ட் போனால் நேரமும் போய்விடும், எடுக்காதே' என்று குறிப்பு எழுதினேன். ஜெபா அக்கா படித்துவிட்டு நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"இப்பதாம்ல ஞாபகம் வருது. வள்ளியூர்ல எனக்கும் இதேதான் நடந்துச்சு. அன்னைக்கே இப்படி எழுதி வச்சிருக்கணும்."

அறுபது வரியை ஒன்பதாக்கிவிட்டேன், இனி அந்த ஒன்பதில் ஒன்றை யாராவது தொட்டால் கத்தப்போவது நான்தான்.