சட்டைப்பையில் இருந்த ராஜினாமா

நெய்வேலிச் சுரங்கத்தில் எனக்கு வேலை பெர்மனென்ட் ஆகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் என் மனைவியின் தம்பி ஏழுமலை சென்னையிலிருந்து எழுதிய கடிதங்கள் என் மனதைக் கெடுத்துவிட்டன. மாடி அறை, கடற்கரைக் காற்று என்று பக்கம் பக்கமாக எழுதுவான். நான் ராஜினாமாவே எழுதிவிட்டேன். நல்லவேளை, அன்று அதிகாரி வரவில்லை. காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வார விடுமுறைக்குச் சென்னை பஸ் ஏறினேன்.

ஏழுமலை தங்கியிருந்தது மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை. ஆறு பேருக்கு மூன்று பாய். அலுப்பில் படுத்த என்னை மத்தியானம் ஒருவர் தட்டி எழுப்பினார்.

"எழுந்துக்குங்க, இப்ப என் முறை."

வேலைக்கு ஷிப்ட் பார்த்திருக்கிறேன். தூக்கத்துக்கு ஷிப்ட் அங்கேதான் பார்த்தேன்.

வேலை முடிந்து வந்த ஏழுமலையிடம், "ஏன்டா அப்படி எழுதினே?" என்றேன்.

"வூட்டுக்கு வேற இன்னாத்த மாமா எழுதறது?" என்று தலைகுனிந்தான்.

ராஜினாமாவை அங்கேயே கிழித்தேன். இப்போதெல்லாம் எங்கள் குடியிருப்பு பிளாக்கில் யார் பட்டணம் போகிறேன் என்றாலும், "லீவு போட்டுப் போய் ஒரு நாள் படுத்து எழுந்து வா, அப்புறம் எழுதிக் கொடு" என்கிறேன்.

ஏழுமலை இன்னும் கடற்கரையைப் பற்றித்தான் எழுதுகிறான். நானும் விடாமல் ஒரே பதில் போடுகிறேன்: "இங்க ஒரு பாய் சும்மாதான் கெடக்குது. கெளம்பி வா."